ஜெபித்தும் ஒன்றும் உணர முடியாதபோது, தேவன் கூட இருக்கிறார் என்று எப்படி நம்புவது?

உணர்வு வரவில்லை என்பதால் விசுவாசம் போய்விட்டது என்று எண்ணிக் குற்றப்படுத்திக்கொள்ளாதீர்கள். வேதத்திலேயே உங்கள் நிலையில் இருந்தவர்கள் உண்டு.

1 இராஜாக்கள் 19-ஐ மெதுவாக வாசித்துப் பாருங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ட தீர்க்கதரிசி எலியா, ராணி யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, 'போதும் கர்த்தாவே' என்று சாகக் கேட்கிறார். தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, பிரசங்கமும் பண்ணவில்லை. தூதன் தட்டி எழுப்புகிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொள்கிறார். தூதன் இரண்டாந்தரமும் வந்து எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். ஓரேப் மலையில் தேவனுடைய மெல்லிய சத்தம் கேட்பது அதற்கு நாற்பது நாள் கழித்துத்தான்!

என் அம்மா ஐ.சி.யூ.வில் இருந்த இரவில் எனக்கு ஒரு வசனமும் நினைவுக்கு வரவில்லை. சபையிலிருந்து ஒரு அக்கா பிளாஸ்கில் கஞ்சி கொண்டுவந்து, ஒன்றும் பேசாமல் விடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த அடை எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

23-ஆம் சங்கீதத்தையும் கவனியுங்கள். புல்வெளியில் 'அவர்' என்று பேசிவரும் தாவீது, மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் 'தேவரீர்' என்று நேராகவே பேசத் தொடங்குகிறார்.

ஜெபிக்க வார்த்தையே வராவிட்டால் 88-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். அது கடைசிவரை ஆறுதலில் முடியாது. ஆனாலும் முதல் வரியிலேயே அவரை 'என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே' என்றுதான் கூப்பிடுகிறது.