அடவு சரி, உயிர் இல்லை என்கிறார்கள்: என்ன செய்வது?

ஆறு வருடம் பரதம் கற்று, அடவுகள் (அடிப்படை அசைவுகள்) சரியாக இருந்தும், ஜதி (தாளச் சொற்களுக்கு ஆடும் அடவுக் கோவை) "இயந்திரம் மாதிரி இருக்கிறது" என்று ஆசிரியர் சொன்னதாகவும், அதனால் காலை இன்னும் ஓங்கித் தட்டி முழங்கால் வலிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்த ஓங்கித் தட்டுவதை நிறுத்துங்கள். வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். சிமெண்ட் தரையில் பயிற்சி வேண்டாம்.

எல்லா இடத்திலும் ஒரே பலம் இருந்தால், எவ்வளவு பலமாக ஆடினாலும் தட்டையாகத்தான் தெரியும். குதித்துமெட்டு அடவின் சொல்லையே கவனியுங்கள்: தெய் ஹத் தெய் ஹி. 'தெய்' என்னும்போது கால்விரல் நுனியில் துள்ளல். 'ஹத்' என்னும்போது குதிகால் இறங்குகிறது. எங்கே எழ வேண்டும், எங்கே விட வேண்டும் என்பது அந்த உச்சரிப்பிலேயே இருக்கிறது. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆடுங்கள், மூச்சும் தானாக அதற்கேற்ப அமையும்.

காலை நீட்டி ஆடும் நாட்டடவில் பலரும் செய்யும் தவறு வேறு. கை முன்னதாகவே போய்ச் சேர்ந்து, தாளத்துக்காகக் காத்து நிற்கும். முதல் காலத்தில் (மெதுவான வேகத்தில்) கை அடுத்த தட்டு வரை பயணம் செய்துகொண்டே இருக்கட்டும். எனக்கு இதுதான் மிகப் பெரிய மாற்றத்தைத் தந்தது. மூன்றாம் காலத்தில் (மிக வேகமாக ஆடும்போது) பலத்தைக் கூட்டாதீர்கள், அசைவின் வீச்சைக் குறையுங்கள். அரைமண்டி (முழங்கால் மடித்த பாதி உட்கார்ந்த நிலை) மட்டும் தளரக்கூடாது.

அப்புறம், உங்கள் ஜதியை வீடியோ எடுத்து ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். தீர்மானம் (ஜதியின் முடிவுக் கோவை) எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரிகிறதா? தெரியாத இடத்தை இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.