வலை இழுக்கிறவருக்கு மலையில் நெஞ்சு அடைத்தது ஏன்?

கேள்வி: பாம்பனில் இருக்கிறேன், வயது 46. நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறேன். இரத்தக் கொதிப்புக்கு இரண்டு ஆண்டுகளாக அட்டெனோலால் சாப்பிடுகிறேன். சென்ற முறை நண்பர்களோடு சதுரகிரி ஏறி அன்றே இறங்கினோம். இறங்கும்போது தொடை வெடவெடவென்று நடுங்கியது. மூன்று நாள் மாடிப்படி இறங்க முடியவில்லை, முழங்காலும் வலித்தது. ஏறும்போது ஓரிடத்தில் நெஞ்சு லேசாக அடைத்து, உட்கார்ந்ததும் விட்டுவிட்டது. விரதம் என்பதால் முந்தின நாளிலிருந்தே மாத்திரை போடவில்லை. பிறகு ஈ.சி.ஜி. எடுத்ததில் ஒன்றுமில்லை என்றார்கள். உயரத்தில் காற்று குறைவு, அதனால்தான் என்கிறார்கள் நண்பர்கள். ஆடி அமாவாசைக்கு மறுபடி கூப்பிடுகிறார்கள். என்ன வலி மாத்திரை கொண்டுபோகலாம்?

பதில்: ஆடி அமாவாசையன்று ஊர் உலகமெல்லாம் அக்னி தீர்த்தத்தில் முழுக உங்கள் பக்கம் வருகிறது, நீங்கள் மலைக்குக் கிளம்புகிறீர்கள். போகலாம், ஆனால் இப்போதே சரி என்று சொல்ல மாட்டேன். தொடையைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு நெஞ்சை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது.

ஏறும்போது அடைத்து, உட்கார்ந்ததும் விடுவது இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு இருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். கடலில் வராதது மலையில் வருமா என்றால், வரும். வலையைக் கையும் முதுகும் விட்டு விட்டு இழுக்கின்றன. நடுவே மூச்சு விட நேரம் கிடைக்கிறது. தாணிப்பாறையிலிருந்து ஏறத் தொடங்கினால் உடம்பு முழுவதையும் மணிக்கணக்காகக் கால்தான் தூக்க வேண்டும். அத்தனை நேரமும் இதயத்துக்கு ஓய்வில்லை. ஈ.சி.ஜி. நீங்கள் படுத்திருக்கும்போது எடுத்தது. கரையில் கட்டிக் கிடக்கும் படகின் இன்ஜினைப் பார்த்துவிட்டு 'நன்றாக ஓடும்' என்று சொன்னால் நம்புவீர்களா? ராமநாதபுரத்திலோ மதுரையிலோ இதய மருத்துவரைப் பாருங்கள். ஓடும் பட்டையில் நடக்கவைத்து இதயத்தைப் பார்க்கும் டிரெட்மில் பரிசோதனை தேவைப்படலாம். அதற்கு முன் மலை வேண்டாம்.

காற்றுக் குறைவு என்பது சரியல்ல. உயரத்தில் காற்றுக் குறைவதால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். சதுரகிரி அதைவிட எவ்வளவோ தாழ்வு.

அடைப்போடு சேர்த்து நான் சந்தேகப்படுவது நிறுத்திய மாத்திரையை. அட்டெனோலால் இதயத் துடிப்பை அடக்கி வைக்கும் மருந்து. சட்டென்று விட்டால் துடிப்பும் அழுத்தமும் எகிறும், நெஞ்சுவலியையும் கிளப்பிவிடும். ஒரு மடக்குத் தண்ணீரில் மாத்திரை விழுங்குவதால் விரதம் கெடாது என்பது என் கட்சி.

இனி தொடை. ஏறுவது மூச்சை வாங்கும், இறங்குவது தசையை வாங்கும். இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசையில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. வலி இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகத் தணியும். உங்கள் பக்கம், ராமேஸ்வரத்தில் 'பர்வதம்' என்று பெயர் வைத்திருக்கும் கெந்தமாதனமே ஒரு மணல் மேடுதான். பழக எங்கே போவது? டாக்டர் அனுமதித்த பிறகு, வீட்டு மாடிப்படி போதும். சாதாரணமாக ஏறுங்கள், இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் மனதுக்குள் மூன்று எண்ணி, மெதுவாகக் காலை வையுங்கள். வாரம் மூன்று நாள், ஆறு வாரம். மலையில் ஒரு கம்பும் கையில் இருக்கட்டும்.

டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை வேண்டவே வேண்டாம். வியர்த்து உடம்பு வறண்டிருக்கும்போது அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், இரத்தக் கொதிப்பையும் ஏற்றும். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் தவறு. உப்புப் போட்ட மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ இடையிடையே வேண்டும். இறங்கிய பிறகு சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

இதற்கிடையில் கரையிலோ கடலிலோ நெஞ்சு அடைத்து, உட்கார்ந்தும் சில நிமிடங்களில் விடவில்லை என்றால், வாயு என்று சோடா குடித்துக்கொண்டிருக்காதீர்கள். கரையில் என்றால் உடனே 108. கடலில் என்றால் வலையை விட்டுவிட்டுப் படகைக் கரைக்குத் திருப்பச் சொல்லுங்கள்.