கேளுங்க, சொல்றோம்: தலைவலி தராத ஜாஸ் இருக்கா?

கேள்வி: எனக்கு ராஜா பாட்டுல வர்ற கிடார்னா உயிர். ஜாஸ்னு ஃப்ரெண்டு ஒருத்தன் குடுத்ததைப் போட்டேன், ஒரே சாக்ஸஃபோன் இரைச்சல், பத்து நிமிஷத்துல தலைவலி. போன வாரம் ஒரு காபி கடையில மெதுவா கிடாரோட ஒரு பாட்டு ஓடுச்சு, கேட்டா அதுவும் ஜாஸ்தானாம், போசா நோவாவாம். எங்கேருந்து சார் ஆரம்பிக்கிறது?
– வாசகர், திருச்சி

பதில்: போசா நோவான்னா பிரேசிலோட சாம்பாங்கிற ஆட்ட இசையை மெதுவாக்கி ஜாஸ் சேர்த்தது. காபி கடைக்காரருக்கு ஒரு நன்றி சொல்லிட்டு 'கெட்ஸ்/ஜில்பெர்டோ' ஆல்பத்தைப் போடுங்க. 1963 மார்ச்ல நியூயார்க்ல ரெண்டே நாள்ல பதிவு பண்ணாங்க, 1964ல வந்துச்சு, அடுத்த வருஷமே கிராமில அந்த வருஷத்தோட சிறந்த ஆல்பம்னு பரிசு, ஜாஸுக்கு அது கிடைச்சது அதான் முதல் தடவை. சாக்ஸஃபோன் இதுலயும் உண்டு, பயப்படாதீங்க, ஸ்டான் கெட்ஸ் அதை காதுக்குப் பக்கத்துல வந்து ரகசியம் சொல்ற மாதிரி ஊதுவார். ஆனா நீங்க கவனிக்க வேண்டியது பிரேசில்காரர் ஜுவாவ் ஜில்பெர்டோவோட கிடாரை. கட்டைவிரல் தடிச்ச கம்பியில தும் தும்னு சீரா நடக்கும், சாம்பா ஊர்வலத்துல பெரிய டிரம் செய்ற வேலை அது, மத்த விரல் எல்லாம் சேர்ந்து கார்டை, அதாவது ஒண்ணா ஒலிக்கிற ஸ்வரக் கூட்டத்தை, இழுக்கும், அது தாளத்து மேல நேரா விழாது, ஒரு நூல் தள்ளித்தான் விழும். நம்ம கச்சேரில தாளம் போட ஆரம்பிச்சு அரை இடம் தள்ளி பாட்டை எடுப்பாங்கல்ல, அந்த சுகம்தான். ஒரு முழு சாம்பா கோஷ்டியை ஒரு மனுஷன் மடியில வச்சு வாசிக்கிறார், அவ்ளோதான் விஷயம். 'இபனேமா பொண்ணு' ('த கேர்ள் ஃப்ரம் இபனேமா') பாட்டை ஆல்பத்துலயே கேளுங்க, அஞ்சு நிமிஷத்துக்கு மேல வரும். ரேடியோவுக்காக சிங்கிளா விட்டப்ப ஜுவாவ் பாடுன பகுதியையே வெட்டிட்டு அவரோட அப்போதைய மனைவி அஸ்ட்ரூட் பாடுனதை மட்டும் வச்சாங்க, வித்துச்சு, ஆனா எனக்கு அந்த வெட்டு இன்னமும் மனசுக்கு ஒப்பல.

அதுக்கு முந்தினது வேணும்னா 'ஜாஸ் சாம்பா', 1962. அமெரிக்க அரசே லத்தீன் அமெரிக்காவுக்கு அனுப்புன கச்சேரிப் பயணத்துல கிடாரிஸ்ட் சார்லி பேர்ட் இந்த இசையைக் கேட்டு மயங்கி, ஊருக்குத் திரும்பி கெட்ஸைக் கூட்டிக்கிட்டு வாஷிங்டன்ல ஒரு சர்ச்சுக்குள்ள ஒரே நாள்ல வாசிச்சு முடிச்சது.

கேள்வி: அண்ணா, 'ஃப்ரைடே நைட் இன் சான் ஃபிரான்சிஸ்கோ'ல மூணு கிடார்ல யார் எதுன்னே புரியல!
– காலேஜ் மாணவர், நெல்லை

பதில்: ஹெட்ஃபோன் போடுங்க தம்பி. இடது காதுல பாக்கோ டி லூசியா, வலது காதுல அல் டி மியோலா, நடுவுல ஜான் மெக்லாஃப்லின். பாக்கோ ஸ்பெயின் ஃபிளமெங்கோ ஆளு, பிக், அதாவது கம்பியை மீட்டுற சின்னத் தகடு, தொட மாட்டார், வெறும் விரல்தான். டி மியோலா ஸ்டீல் கம்பி, பிக், டகடகன்னு ஊசி குத்துற மாதிரி கேக்கும். 1980 டிசம்பர் 5 ராத்திரி நடந்த கச்சேரி. முதல் பாட்டு அபாரம், அப்புறம் யார் வேகம்னு சர்க்கஸ் காட்டுற வாசனை கொஞ்சம் வந்துடுது, திட்டாதீங்க. அதே மெக்லாஃப்லின் நம்ம கடம் விநாயக்ராம், வயலின் எல். ஷங்கர், தபலா ஜாகிர் உசேன் கூட 'சக்தி'ன்னு வாசிச்சாரே, அதையும் பக்கத்துல வச்சுக் கேளுங்க. லத்தீன் இசை இல்லதான், ஆனா கரண்ட் கிடாரைக் கீழ வச்சுட்டு அவர் எங்க போனார்னு புரியும்.

கேள்வி: எங்க வீட்டுக்காரர் தினமும் ராத்திரி 'பியாண்ட் த மிசோரி ஸ்கை' போடுறார். டிரம்ஸ் இல்ல, பாட்டு இல்ல, ரெண்டு பேர் தூங்கித் தூங்கி வாசிக்கிறாங்க. இதுல என்னதான் இருக்கு?
– வாசகி, கோவை

பதில்: அக்கா, அந்த பேஸ், அதாவது அடிக்குரல்ல பேசுற பெரிய கம்பி வாத்தியம், வாசிக்கிற சார்லி ஹேடன் கதையைக் கேட்டா நீங்களே போடச் சொல்லுவீங்க. அவங்க குடும்பமே ரேடியோவுல நாட்டுப்புறப் பாட்டு பாடுற குடும்பம், இவர் ரெண்டு வயசுலயே 'கவ்பாய் சார்லி'ன்னு மைக் முன்னாடி நின்னவர். பதினஞ்சு வயசுல போலியோ வந்து தொண்டையை அடிச்சுட்டுப் போச்சு, பாட்டு நின்னுச்சு, பேஸைப் பிடிச்சார். அதனாலதான் அவர் கம்பியைத் தொட்டா வித்தை காட்டாம பாடுற மாதிரியே இருக்கும், ஒரு ஸ்வரத்தை விட்டா அது அடங்குற வரைக்கும் அடுத்ததைத் தொட மாட்டார். கூட கிடார் வாசிக்கிற பேட் மெத்தினியும் அமெரிக்காவுல மிசோரிக்காரர்தான், 1997ல வந்த இந்த ஆல்பம் ரெண்டு பேரும் சொந்த ஊர் வானத்தை நினைச்சு வாசிச்சது, சின்ன வயசுல கேட்ட பழைய கன்ட்ரி பாட்டெல்லாம் உள்ள இருக்கு. கடைசிப் பாட்டு ஹேடனோட மகன் ஜாஷ் எழுதுனது.

அதுவே மெதுவா இருக்குன்னா 'மாஜிகோ' கேளுங்க. 1979ல ஓஸ்லோவுல மூணு பேர்: ஹேடன், நார்வேயோட சாக்ஸஃபோன்காரர் யான் கார்பரெக், பிரேசிலோட எக்பெர்ட்டோ ஜிஸ்மொன்ட்டி. ஜிஸ்மொன்ட்டி பாரிஸ்ல நாதியா பூலான்ஷே கிட்ட கிளாசிக்கல் படிச்சுட்டு, அப்புறம் அமேசான் பக்கம் ஷிங்கு பழங்குடி ஜனங்களோட போய் இருந்துட்டு வந்தவர், எட்டு கம்பி கிடார் அவரோடது. ஆளுக்கு ஒரு நாடு, ஆனா யாரும் ஊர்ப் பெருமை பேசல, ஒருத்தர் வாசிக்க மத்த ரெண்டு பேர் காது குடுக்குறாங்க. இந்தக் கலப்பு இசையில முக்கால்வாசி ஆல்பம் ஏன் சாம்பார்ல சாக்லேட் போட்ட மாதிரி ஆகுதுன்னா அங்க காது குடுக்க ஆளில்ல. லத்தீன் வாசனை நேராவே வேணும்னா ஹேடனோட 'நாக்டர்ன்', 2001. கியூபா, மெக்சிகோ பொலேரோக்கள், அதாவது மெதுவான காதல் பாட்டுங்க, பியானோ கியூபாக்காரர் கொன்சாலோ ருபல்காபா. இதை வீட்டுக்காரருக்கு நீங்க போட்டுக் காட்டுங்க.

கேள்வி: என் தாத்தா நாடக ஆர்மோனியக்காரர். பாண்டோனியான்னு ஒண்ணு இருக்காமே, அதுவும் ஆர்மோனியம் மாதிரிதானா?
– வாசகர், மதுரை

பதில்: சொந்தக்காரங்கதான், ஆனா பங்காளி. ஆர்மோனியத்துல ஒரு கை துருத்தி, ஒரு கை கட்டை. பாண்டோனியானை முழங்கால் மேல வச்சு ரெண்டு கையாலயும் பட்டன் அமுக்கணும், துருத்தி நடுவுல. கொடுமை என்னன்னா, பெரும்பாலான பட்டன் துருத்தியை விரிக்கும்போது ஒரு ஸ்வரம் சொல்லும், மூடும்போது வேற ஸ்வரம் சொல்லும், ரெண்டையும் தனித்தனியா மனப்பாடம் பண்ணணும். பொறந்தது ஜெர்மனி, அர்ஜென்டினா போய் டாங்கோங்கிற அந்த ஊர் ஆட்ட இசைக்கு வாக்கப்பட்டுச்சு. பாண்டோனியான் வாசிக்கிற டினோ சலுஸ்ஸி அந்த நாட்டு வடக்குல சால்டா பக்கத்து ஆளு, ஆரவாரமே கிடையாது. 1997ல வந்த 'சிதே த லா மியூசிக்' போடுங்க, கிடார் அவர் மகன், பேஸ் மார்க் ஜான்சன், டிரம்ஸ் கிடையாது. தாத்தாவைப் பக்கத்துல உக்கார வச்சுக்கோங்க, ஸ்வரம் முடிஞ்சும் துருத்தி மூச்சு வாங்குற இடம் வரும், அங்க அவர் என்ன சொன்னார்னு அடுத்த கடுதாசில எழுதுங்க.