ஊசி எல்லாம் போட்டும் பிள்ளைக்கு நியூமோனியா வருகிறதே, ஏன்?

பொகவந்தலாவைப் பக்கத் தோட்டத்துத் தாய் ஒருவரின் கேள்வி இது. ஊசி வீண் போகவில்லை அக்கா. நியூமோனியாவை உண்டாக்கும் கிருமிகள் பல. ஒவ்வொரு ஊசியும் அதற்குரிய கிருமியைத்தான் தடுக்கும்.

கிளினிக்கில் 2, 4, 6 மாதங்களில் போடும் பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசியில் ஹிப் என்ற பாக்டீரியாவுக்கான மருந்தும் உண்டு. இலங்கையில் அது 2008இல் அறிமுகமானது. ஹிப் கிருமியைச் சுற்றிச் சர்க்கரைப் பொருளாலான ஓர் உறை இருக்கிறது. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் உடம்புக்கு அந்த உறையைச் சரியாக அடையாளம் தெரியாது. அதனால் உறையின் துண்டை ஒரு புரதத்தோடு இணைத்துக் கொடுக்கிறார்கள்; அப்போது உடம்பு எதிர்ப்பொருளை உருவாக்கிவிடுகிறது. தொண்டையில் கிருமி தங்குவதும் குறைவதால், ஒரே பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) இருக்கும் மற்றக் குழந்தைகளுக்கும் பாதுகாப்பு. எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

9 மாதத்தில் போடும் எம்எம்ஆர் ஊசி சின்னமுத்தை (தட்டம்மையை) தடுக்கும். சின்னமுத்து எதிர்ப்புச் சக்தியைக் குலைத்துவிடும். பின்னாலேயே பாக்டீரியா நியூமோனியா வரலாம்.

நியூமோகாக்கஸ் என்ற முக்கியமான கிருமிக்குத் தனி ஊசி இருக்கிறது. பிள்ளைக்கு அதைப் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வைரஸால் வரும் நியூமோனியாவை இந்த பாக்டீரியா ஊசிகள் தடுக்காது. அப்புறம், லயத்து அறையில் விறகுப் புகை நெஞ்சைக் கெடுக்கும். குழந்தையை அடுப்படியில் படுக்க வைக்காதீர்கள்.

பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 முதல் 12 மாதம் வரை 50, ஒரு வயதுக்கு மேல் ஐந்து வயது வரை 40, இந்த அளவோ அதற்கு மேலோ போனாலோ விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்ளிழுத்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.