அண்ணாச்சி, தம்பிக்குக் கிடைத்திருப்பது கடை வேலை இல்லை

என்ஜினியரிங் படிக்க வைத்து, கடைசியில் கம்ப்யூட்டர் விற்கிற வேலைக்கா என்று கேட்டிருந்தீர்கள். ப்ரீசேல்ஸ் என்ற பெயர்தான் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது அண்ணாச்சி. ஒரு நிறுவனத்துக்கு எவ்வளவு பெரிய சர்வர், அதாவது எல்லார் வேலையையும் தாங்குகிற பெரிய கம்ப்யூட்டர், வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிற வேலை அது, சைசிங் என்பார்கள். குறைத்துச் சொன்னால் தீபாவளி நேரத்தில் பில்லிங் திணறும், கூட்டிச் சொன்னால் முதலாளி பணம் சும்மா கிடக்கும். உருப்படியான வேலைதான், போகட்டும்.

இனி தம்பி படிக்கட்டும். எந்த சர்வருக்கும் ஒரு ரேட்டிங் எண் காட்டுவார்கள். எந்த வேலையை ஓட்டி அந்த எண் வந்தது என்று முதலில் பார். ஸ்பெக் என்ற அமைப்பு சிபியு, அதாவது ப்ராசஸர் திறனை அளக்க வைத்திருக்கும் சோதனைத் தொகுப்பு ஸ்பெக் சிபியு 2017, அதில் ரேட், ஸ்பீடு என்று இரண்டு வகை உண்டு. ரேட்டில் ஒரு சோதனைப் புரோகிராமின் பல பிரதிகளை ஒரே நேரத்தில் ஓட்டி மொத்த வேலையை அளப்பார்கள், ஸ்பீடில் ஒரு பிரதி எவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்று பார்ப்பார்கள். ஜங்ஷனிலிருந்து திருச்செந்தூருக்குப் பத்து பஸ் விட்டால் ஆள் நிறையப் போகலாம், ஆனால் ஒரு பஸ் போய்ச் சேரும் நேரம் குறையாது இல்லையா? மாதக் கடைசியில் ஒற்றை வரிசையில் ஓடும் கணக்கு முடிப்பு வேலைக்குக் கோர், அதாவது சிபியுவுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளின் எண்ணிக்கையைக் கூட்டி லாபமில்லை, ஒரு கோரின் வேகம்தான் வேண்டும். பேஸ், பீக் என்றும் இரண்டு எண் இருக்கும். பீக்கில் ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனியாக டியூன் செய்ய விடுவார்கள், அதனால் பேஸை பேஸோடு மட்டும் ஒப்பிடு.

எஸ்ஏபி என்ற நிறுவன நிர்வாக சாஃப்ட்வேர் ஓட்டுகிறவர்களிடம் சாப்ஸ் என்ற அளவில் கணக்கு. 100 சாப்ஸ் என்றால் மணிக்கு 2,000 ஆர்டர் வரிகள் (டாக்ஸ் இல்லை, ஆர்டரில் ஒவ்வொரு பொருளுக்கும் வரும் லைன்) முழுதாக முடியும். டவுனில் ஒரு துணிக்கடையில் 30 கவுண்டர், ஒவ்வொன்றிலும் மணிக்கு 40 பில், பில்லுக்கு 5 வரி என்று வைத்துக்கொள்: 6,000 வரி, அதாவது 300 சாப்ஸ். அந்த எண் சிபியு முழுக்க நிரம்பி ஓடும்போது எடுத்தது, நாம் 65 சதவீதத்துக்கு மேல் ஏறாமல் வைக்கப் பார்த்தால் 460 சொச்சம். கடையின் பில்லிங் சாஃப்ட்வேர் வேறு என்பதால் இது தோராயம்தான், ஆனாலும் இவ்வளவு பெரிய கடைக்கே ராட்சச சர்வர் தேவையில்லை என்று தெரிந்துவிடுகிறது பார். அங்கே முதலில் மூச்சு முட்டுவது பெரும்பாலும் டிஸ்க்கும் ராமும்தான், அதை சிபியு ரேட்டிங் சொல்லாது.

இதைவிடப் பெரிய விஷயம் லைசென்ஸ். ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர் என்ற இரண்டு டேட்டாபேஸ் சாஃப்ட்வேரிலும் கோர் கணக்கில் காசு வாங்குவது உண்டு. ஒரே ரேட்டிங் உள்ள இரண்டு சர்வரில் ஒன்று 32 கோர், மற்றது 64 கோர் என்றால் முன்னதுதான் சரி, சர்வர் விலை கொஞ்சம் கூட இருந்தாலும். இன்டர்வியூவில் இதைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஸ்பெக் தளத்தில் முடிவுகள் இலவசமாகவே கிடக்கின்றன. நாலு சர்வரை எடுத்து எக்செலில் போட்டு, ரேட் எண்ணை கோர் எண்ணிக்கையால் வகுத்துப் பார். இதற்குக் காசு கட்டி கோர்ஸ் எதுவும் வேண்டாம்.

அப்புறம் அண்ணாச்சி, சேருவதற்கு முன் தம்பியை எச்ஆரிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: மாத விற்பனை டார்கெட் இவன் தலையில் உண்டா, ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வார்களா? இரண்டில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் எனக்கு ஒரு போன் போடுங்கள், வேறு இடம் பார்ப்போம்.