சுயமதிப்பும் தன்னம்பிக்கையும் ஒன்றா?

"சுயமதிப்பு என்றால் தன்னம்பிக்கைதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. தன்னம்பிக்கை என்பது 'என்னால் முடியும்' என்ற உறுதி. வேலைக்கு வேலை மாறும். சுயமதிப்பு, நம்மைப் பற்றி நாமே உள்ளுக்குள் வைத்திருக்கும் கணிப்பு. மேடையில் அசத்துகிற ஒருவர் தனியாக இருக்கும்போது 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று குமையலாம். அவருக்கு முன்னது இருக்கிறது, பின்னது இல்லை.

உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் இதை வகுத்தல் கணக்காகவே சொன்னார்: அடைந்த வெற்றியை எதிர்பார்ப்பால் வகுத்தால் சுயமதிப்பு. அதாவது எதிர்பார்ப்பைக் குறைத்தாலும் அது உயரும். எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் இது.

சுயமதிப்பு கர்வமும் அல்ல. கர்வத்துக்கு ஒப்பிட இன்னொருவர் வேண்டும்; சுயமதிப்புக்கு வேண்டாம். தாழ்வு மனப்பான்மைக்கும் அப்படித்தான். அப்புறம் தன்மானம், சுயமரியாதை: பிறர் நம்மை நடத்தும் விதத்தைப் பற்றிப் பேசும்போதே இவை வரும். 'தன்மானத்தைச் சீண்டாதே' என்போம். 'சுயமதிப்பைச் சீண்டாதே' என்று யாரும் சொல்வதில்லை.