கொல்லையில் அடிக்கடி பாம்பு வருகிறது. வராமலிருக்க என்ன மருந்து தெளிக்கலாம்?

அப்படி ஒரு மருந்து கிடையாது. கார்பாலிக் ஆசிட், பூண்டுத் தண்ணீர், கந்தகத் தூள், மூலைக்கு ஒரு சிறியாநங்கைச் செடி, எதற்கும் பாம்பு மசியாது. பாகூர் பக்கம் புது வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டி மிச்சமான செங்கல்லும் சென்ட்ரிங் பலகையும் இன்னும் மதில் ஓரம்தானே கிடக்கின்றன? ஆசிட் வாங்கும் காசை அதை அப்புறப்படுத்தும் கூலிக்குக் கொடுங்கள்.

எங்கள் வீடு கடலூரில், கெடிலத்துக்குச் சற்றுத் தள்ளி. ஐப்பசி, கார்த்திகை மழையில் வளையெல்லாம் தண்ணீர் நிரம்பினால் பாம்பு மேடு தேடி வரும். 2024 ஃபெஞ்சல் வெள்ளத்தில் மாடிப்படிக்கு அடியில்கூட ஒண்டிக் கிடந்தன. அவை தண்ணீர் வடிந்ததும் போய்விடும். மற்ற நாளில் வருவது தீனிக்கு. கோழிக்கூண்டின் அடியில் சிந்தும் தவிட்டுக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு. கொல்லை விளக்குக்குப் பூச்சி, பூச்சிக்குத் தவளை, அப்புறம் அதே கதைதான். ராத்திரியில் தவளை வழக்கமான சத்தத்தை விட்டு ஈனமாக இழுத்து இழுத்துக் கத்தினால், அது பாம்பின் வாயில் இருக்கிறது. அந்தச் சத்தம் கேட்டால் டார்ச் இல்லாமல் எங்கள் வீட்டில் யாரும் படி இறங்குவதில்லை.

நீளமாக இருந்தது, வேகமாக ஓடியது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அது சாரையாகத்தான் இருக்கும். விஷமில்லை, எலியைத் தீர்த்துக்கட்டும். "சாரை இருந்தா நல்ல பாம்பும் தேடி வரும்பா, ரெண்டும் ஜோடி" என்பார் எங்கள் எதிர்வீட்டு ஆயா. இரண்டும் வேறு வேறு இனம், இணை சேராது. பின்னிப் பிணைந்து எழும்பி ஆடுவதைப் பார்த்துத்தான் இந்தப் பேச்சு வந்திருக்கும். பெரும்பாலும் அது இரண்டு ஆண் சாரைகளின் மல்லுக்கட்டு. இதை ஆயாவிடம் சொல்லிப் பயனில்லை, விட்டுவிட்டேன்.

கண்ணாடி விரியன் வேறு ரகம். சருகில் அசையாமல் சுருண்டு கிடந்து, கிட்டே போனால் பிரஷர் குக்கர் போலச் சீறும். உண்மையில் நான் பயப்படுவது கட்டுவிரியனுக்கு. ராத்திரி வீட்டுக்குள் புகுந்து, தரையில் படுத்திருப்பவரைக் கடித்துவிட்டுப் போகும். பல நேரம் வலியோ தடமோ தெரியாது. விடியலில் வயிற்று வலி, இமை தொங்குவது என்றுதான் ஆரம்பிக்கும். கட்டில் இல்லையென்றால் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிட்டுப் படுங்கள்.

பாம்பைக் கண்டால் அடிக்காதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், கடி வாங்குபவர்களில் அடிக்கப் போனவர்களும் உண்டு. 101-க்கு அடித்தால் தீயணைப்புத் துறையிலிருந்து வருவார்கள், வனத்துறைக்கும் சொல்லலாம். அதுவரை ஒருவர் தள்ளி நின்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வந்ததும் "எங்க போச்சு?" என்றுதான் கேட்பார்கள். கையைக் காட்டிச் சொல்ல ஆள் இல்லையென்றால் அவர்களும் செங்கல்லைப் புரட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். கை காலை ஆட்டாமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். உங்களுக்கு ஜிப்மர், எங்களுக்குக் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை. எந்தப் பாம்பென்று காட்ட அதைத் துரத்தி அடித்துப் பையில் கொண்டுபோவதும் தேவையில்லை. இங்கே போடும் விஷமுறிவு ஊசி நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒன்றுதான்.